ஒரு நாடு மஞ்சள் கடுதாசி கொடுக்க முடியுமா?

மலைக்காற்று:
வணக்கம். குரூப் 1 முதன்மைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். உலகப் பொருளாதாரப் பகுதியில் 'வளர்ச்சிக்கான நிதி' என்று ஒரு தலைப்பு. கையில் உள்ள குறிப்பில் மாநாடுகளின் பட்டியல் மட்டும் இருக்கிறது: 2002 மான்டெரே, 2008 தோகா, 2015 அடிஸ் அபாபா, 2025 செவில். மனப்பாடம் ஆகிவிட்டது, ஆனால் எதுவும் புரியவில்லை.

ஒரே ஒரு நாட்டை எடுத்துப் படித்தால் புரியும் என்று சாம்பியாவை எடுத்தேன். குழப்பம் கூடியதுதான் மிச்சம். 2005-இல் அந்த நாட்டின் கடனில் பெரும்பகுதியைத் தள்ளுபடி செய்தார்கள். 2020-இல் அது மறுபடியும் தவணை தவறியது. பிறகு அந்தக் கடனைச் சீரமைத்து முடிக்க மூன்றரை ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. தள்ளுபடி வாங்கிய நாடு பதினைந்து ஆண்டுகளில் எப்படி மறுபடி விழுந்தது? பேசி முடிக்க ஏன் அவ்வளவு காலம்?

அப்பாவின் நண்பர் ஒருவர் திருப்பூரில் பனியன் தொழிலில் நொடித்துப்போய் மஞ்சள் கடுதாசி கொடுத்தார். கடன்காரர்கள் வாசலில் நிற்பது நின்றது. நாடுகளுக்கு அப்படி ஒன்று கிடையாதா?

கணக்குப்பிள்ளை:
தம்பி, கிடையாது. உங்கள் மற்ற கேள்விகளுக்கும் பாதி விடை அதிலேயே இருக்கிறது.

நான் வங்கித் தணிக்கையில் முப்பது ஆண்டுகள் இருந்தவன். நொடிப்பு மனுக்கள் நிறையப் பார்த்திருக்கிறேன். மஞ்சள் கடுதாசி கொடுத்தவர் யோக்கியரா இல்லையா என்பது அங்கே இரண்டாவது விஷயம். முதல் விஷயம், நீதிமன்றம் ஒன்று இருக்கிறது. ஆளாளுக்கு வந்து அண்டாவைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. இருப்பதைக் கணக்கெடுத்து, ஒரே வரிசையில் நிற்பவர்களுக்கு ஒரே விகிதத்தில் பங்கிடுவார்கள். நிறுவனங்களுக்கான 2016 திவால் சட்டத்தில் 330 நாள் என்று வரம்பும் உண்டு (அந்த வரம்பு எத்தனை வழக்குகளில் காற்றில் பறக்கிறது என்பது வேறு கதை, இங்கே வேண்டாம்).

நாடு நொடித்தால் போய் நிற்க அப்படி ஒரு வாசல் இல்லை. 2001-இல் சர்வதேச நாணய நிதியத்தின் துணை நிர்வாக இயக்குநராக இருந்த ஆன் க்ரூகர், நாடுகளுக்கும் நொடிப்பு ஏற்பாடு ஒன்று வேண்டும் என்று முன்மொழிந்தார். 2003-இல் அதை மூட்டைகட்டி வைத்துவிட்டார்கள். அமெரிக்கா விரும்பவில்லை. வேடிக்கை என்னவென்றால் மெக்சிகோ, பிரேசில் போன்ற கடன் வாங்கும் நாடுகளே தயங்கின. நாளைக்கு நமக்கு வட்டியை ஏற்றிவிடுவார்களோ என்ற பயம்.

ஆகவே எல்லாம் பஞ்சாயத்துதான். அந்தப் பஞ்சாயத்திலும் கடன் கொடுத்தவர்களே நாட்டாமை. பாரிஸ் கிளப் என்பது அதுதான், 1956-இலிருந்து நடக்கிறது.

செம்புமண்:
நான் சாம்பியாவின் செம்புச் சுரங்க நகரமான கிட்வேயில் பன்னிரண்டு ஆண்டுகளாக இருக்கிறேன். சுரங்கங்களுக்கு உதிரிபாகம் விற்கும் கம்பெனியில் கணக்கு வேலை. முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன்.

2005-06 தள்ளுபடி வீண் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சுமார் 700 கோடி டாலர் வெளிநாட்டுக் கடன் 100 கோடிக்கும் கீழே இறங்கியது. 2006 ஏப்ரலில் கிராமப்புற அரசு மருத்துவமனைகளில் வசூலித்துவந்த கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். அதற்கு முன் பிரசவத்துக்குப் போனாலும் காசு. எங்கள் அலுவலகத்துப் பெரியவர் ஒருவர் இப்போதும் அந்த ஆண்டை வைத்துத்தான் பேரப்பிள்ளைகளின் வயதைச் சொல்வார்: 'இவன் காசுக்குப் பிறந்தவன், இவள் இலவசத்தில் பிறந்தவள்.'

அப்புறம் செம்பு விலை ஏறியது. ஏற்றுமதியில் பத்தில் ஏழு பங்கு செம்பு. கடனும் இல்லை, விலையும் நன்றாக இருக்கிறது என்றதும் உலகச் சந்தைக்காரர்கள் வாசலுக்கு வந்தார்கள். 2012-இல் முதல் டாலர் பத்திரம், அதாவது அரசு உலகச் சந்தையில் விற்கும் கடன் சீட்டு: 75 கோடி டாலர், 5.375 சதவீத வட்டி. கேட்டதைப் போலப் பல மடங்கு பணத்தோடு முதலீட்டாளர்கள் வரிசையில் நின்றார்கள். 2014-இல் 100 கோடி, வட்டி 8.5. 2015-இல் 125 கோடி, வட்டி 8.97. வட்டி ஏறும் விதத்தைப் பாருங்கள். அதே 2015-இல் செம்பு சரிந்தது, இந்த ஊர் நாணயமான குவாச்சா ஒரு கட்டத்தில் பாதி மதிப்புக்கு வந்தது. டாலரில் வாங்கிய கடன், குவாச்சாவில் வரும் வரி. மீதியை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். சாலை, விமான நிலையம், மின் திட்டம் என்று சீன வங்கிகளிடம் வாங்கியது தனி.

எதிர்வாதி:
எல்லாம் சரி. ஆனால் இதில் சாம்பியா அரசின் தப்பு எங்கே போயிற்று? கடனைக் கழுவித் துடைத்துக் கொடுத்தார்கள். உடனே 9 சதவீத வட்டிக்குப் போய் வாங்கியது யார்? கையைப் பிடித்துக் கையெழுத்துப் போட வைத்தார்களா? ஒரு முறை தள்ளுபடி கொடுத்தால் அடுத்த முறையும் கேட்பான். நம் ஊர்க் கூட்டுறவுச் சங்கங்களில் ஒழுங்காகத் தவணை கட்டியவன் ஏமாளியாகவும் கட்டாதவன் புத்திசாலியாகவும் ஆனதை எல்லாரும் பார்த்திருக்கிறோம்.

செம்புமண்:
எதிர்வாதி, பாதி ஒப்புக்கொள்கிறேன். அந்தக் காலத்துச் சாலை ஒப்பந்தங்களின் விலையைக் கேட்டால் உங்களுக்கு மயக்கம் வரும். அதற்காகத்தான் மக்கள் 2021 ஆகஸ்டில் ஆட்சியை மாற்றினார்கள்.

ஆனால் 9 சதவீதம் வட்டி எதற்கு? 'இந்த நாடு திருப்பித் தராமல் போகலாம்' என்ற அபாயத்துக்கான விலைதானே? அபாயத்துக்குக் கூலி வாங்கிக்கொண்டு, அபாயம் வந்ததும் முழுப் பணமும் வேண்டும் என்றால் அந்தக் கூலி எதற்கு?

இன்னொரு கதை. 1979-இல் ருமேனியா சாம்பியாவுக்கு டிராக்டரும் விவசாயக் கருவிகளும் கடனாகக் கொடுத்தது. அந்தக் கடன் கட்டப்படாமல் கிடந்தது. 1999-இல் டொனெகல் இன்டர்நேஷனல் என்ற நிறுவனம் அதை ருமேனியாவிடமிருந்து சுமார் 33 லட்சம் டாலருக்கு வாங்கி, பிறகு லண்டனில் சுமார் 5.5 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது. 2007-இல் நீதிமன்றம் சுமார் 1.5 கோடி டாலர் கொடுக்கச் சொன்னது. மற்றவர்கள் தள்ளுபடி செய்த பணம் எங்கே போனது என்று தெரிகிறதா? இதற்குப் பிறகுதான் பிரிட்டன் 2010-இல் சட்டம் போட்டு இப்படிப்பட்ட வழக்குகளுக்குக் கடிவாளம் மாட்டியது.

வடமராட்சி:
இந்த இழையை இரண்டு நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் மஞ்சள் கடுதாசி என்பதை எங்கள் பக்கம் வங்குரோத்து என்போம். 2022-க்குப் பிறகு சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிந்த சொல் அது.

2022 ஏப்ரல் 12-ஆம் திகதி இலங்கை வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்தியது. சாம்பியா போன பாதையில் எங்களை விடவில்லை. நொடித்த நாடுகளின் கடனைச் சீரமைக்க ஜி-20 நாடுகள் வகுத்த 'பொதுச் சட்டகம்' என்ற ஏற்பாடுதான் அந்தப் பாதை. அது மிக ஏழை நாடுகளுக்கு மட்டும். நாங்கள் நடுத்தர வருமான நாடாம். மண்ணெண்ணெய்க்கு இரவு முழுக்க வரிசையில் நின்ற நடுத்தர வருமானம்! அதனால் இந்தியா, ஜப்பான், பிரான்ஸ் மூன்றும் சேர்ந்து தனியாக ஒரு குழு அமைத்தன. சீனா அதற்குள் வராமல் தனியாகப் பேசியது. 2024 ஜூன் 26-இல் அந்தக் குழுவோடு 580 கோடி டாலருக்கு உடன்பாடு வந்தது. எங்கள் டாலர் பத்திரங்களை வாங்கி வைத்திருந்த பத்திரக்காரர்களோடு முடிந்தது 2024 டிசம்பரில்.

டொனெகல் கதை எங்களுக்கும் உண்டு. செயின்ட் கிட்ஸ் நெவிஸ் தீவில் பதிவான ஒரு வங்கி, 25 கோடி டாலருக்கு மேற்பட்ட எங்கள் பத்திரங்களை வைத்துக்கொண்டு, 2022 ஜூனில் நியூயார்க்கில் வழக்குப் போட்டது. வீட்டில் சமையல் எரிவாயு இல்லாத நேரம் அது.

வெளிநாட்டுக்காரரோடு பேசிக்கொண்டிருக்கும்போதே உள்நாட்டில் கை வைத்தார்கள். ஊழியர் சேமலாப நிதியத்தின் (நீங்கள் வருங்கால வைப்பு நிதி என்பீர்கள்) பணம் இருந்த அரசுப் பத்திரங்களை 2023-இல் குறைந்த வட்டிப் பத்திரங்களாக மாற்றினார்கள்: 2025 வரை 12 சதவீதம், அதன் பின் 9. மாட்டேன் என்றால் நிதியத்துக்கு 30 சதவீத வரி. வங்கிகளை மட்டும் தொடவில்லை, தொட்டால் வங்கிகள் கவிழுமாம். அப்பா தைத்த சட்டைகளின் சேமலாபம் யாரையும் கவிழ்க்காது அல்லவா.

மலைக்காற்று:
வடமராட்சி அண்ணா, வருத்தமாக இருக்கிறது. 2022-இல் தமிழ்நாடு அரிசி அனுப்பியதாக நினைவு.

வடமராட்சி:
வந்தது. அரிசி, பால்மா, மருந்து. முதல் கப்பல் மே மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து வந்தது. மறக்கவில்லை. இந்திய மத்திய அரசும் அந்த ஆண்டு சுமார் 400 கோடி டாலர் அளவுக்குக் கைகொடுத்தது. நாணய நிதியத்தின் பணம் வர அடுத்த ஆண்டு மார்ச் ஆனது. பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த அரிசி அன்றைக்கே உலையில் விழுந்தது, சங்கம் கூடித் தீர்மானம் போட்டுக் கொடுத்தது பதினொரு மாதம் கழித்து.

தகடூர்க்காரி:
எல்லாரும் வெளிநாட்டுக் கடன் என்றாலே சாபம் போலப் பேசுகிறீர்கள். தருமபுரியிலிருந்து ஒரு குரல்.

1989-இல் பன்னாட்டு வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாட்டில் முதன்முதலாக மகளிர் சுயஉதவிக் குழுக்கள் தொடங்கியது எங்கள் மாவட்டத்தில்தான். என் மாமியார் அந்த முதல் குழுக்கள் ஒன்றில் இருந்தார். கையெழுத்துப் போடக் கற்றதே குழுக் கூட்டத்தில்தான். கறவை மாடு வாங்கினார். வாரா வாரம் வாசலுக்கு வந்துகொண்டிருந்த வட்டிக்காரர் ஒருவர் வருவதை நிறுத்தினார். இன்னொன்று: எங்கள் பக்கம் கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு. பிள்ளைகளின் பல் காவியாகிவிடும், பெரியவர்களுக்கு முட்டி வளையும். 2008-இல் கையெழுத்தான ஜப்பான் கடனில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013-இல் தண்ணீர் விட்டார்கள். என் மகளின் பல் வெள்ளை. இதையும் கணக்கில் எழுதுங்கள் ஐயா.

கணக்குப்பிள்ளை:
எழுதிவிட்டேன் அம்மா. உங்கள் உதாரணம் இந்த விவாதத்துக்கு மிகவும் தேவையானது, நீங்கள் நினைத்ததைவிட அதிகமாக.

ஒகேனக்கல் கடனுக்கு வட்டி மிகக் குறைவு, தவணைக் காலம் நீளம். அதற்கு மேல் முக்கியம், உங்கள் மாமியார் குழுக் கடனை ரூபாயில் வாங்கி ரூபாயில் கட்டினார். டாலர் ஏறினாலும் யென் ஏறினாலும் அவருடைய மாட்டுத் தவணை ஏறவில்லை. நாணய மாற்று இழப்பு என்ற அடியை வாங்கிக்கொள்ள அவருக்கு மேலே ஓர் அரசு இருந்தது. சாம்பியாவுக்கு மேலே யார்? உலக வங்கியின் ஐ.டி.ஏ. என்ற சலுகைக் கடன் பிரிவு 1960-இலிருந்து இருக்கிறது. ஒரு காலத்தில் அதில் அதிகம் வாங்கியது நாமேதான், இன்று நாம் அதற்குப் பணம் போடுகிறோம். ஆனால் செம்பு நகரங்களுக்கு வேண்டிய அளவு பணம் அங்கே இல்லை. கொடுப்பதாகச் சொன்னவர்கள் கொடுக்கவில்லை. பணக்கார நாடுகள் தேசிய வருமானத்தில் 0.7 சதவீதம் தருவது என்ற ஐ.நா. தீர்மானத்துக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, 1970. 2024-இல் அதை எட்டியவை நார்வே, சுவீடன், டென்மார்க், லக்சம்பர்க் நான்கே நாடுகள். பிரிட்டன் 0.7-இலிருந்து 0.5-க்கு வந்து, 2027-க்குள் 0.3-க்குப் போகப்போகிறது. சலுகைக் கடை பூட்டியிருந்தால் ஆள் மீட்டர் வட்டிக்குத்தான் போவான்.

மட்டுறுத்துநர்:
நீக்கப்பட்ட இரண்டு பதிவுகளும் இலங்கை அரசியல்வாதிகள் பற்றிய வசைகள். இழையை மூடும்படி செய்யாதீர்கள். சாம்பியாவுக்குத் திரும்பலாம்.

மலைக்காற்று:
என் இரண்டாவது கேள்வி அப்படியே நிற்கிறது. மூன்றரை ஆண்டு என்ன பேசினார்கள்?

கணக்குப்பிள்ளை:
நாள்குறிப்பாகவே தருகிறேன்.

2020 நவம்பர் 13. சாம்பியா 4.25 கோடி டாலர் வட்டித் தவணையைக் கட்டாமல் திவாலானது. அதே நாளில் ஜி-20 நிதி அமைச்சர்கள் கூடி, பாரிஸ் கிளப்பும் சீனா, இந்தியா, சவூதி போன்ற, கடன் கொடுக்கும் புதிய நாடுகளும் ஒரே மேசையில் உட்கார வேண்டும் என்று 'பொதுச் சட்டகத்தை' ஏற்றார்கள். பிள்ளை பிறந்த அன்றே தொட்டில் தயார் என்று நினைக்கத் தோன்றும். 2021 தொடக்கத்தில் சாம்பியா, சாட், எத்தியோப்பியா மூன்றும் மனுப் போட்டன.

2022 ஜூனில்தான் கடன் கொடுத்த அரசுகளின் குழுவே கூடியது, சீனாவும் பிரான்சும் தலைமை. ஆகஸ்ட் 31-இல் நாணய நிதியம் 130 கோடி டாலர் திட்டத்துக்கு ஒப்புதல். 2023 ஜூனில் பாரிஸில் நடந்த உச்சிமாநாட்டில் பிற அரசுகளுக்குத் தர வேண்டிய 630 கோடி டாலர் கடனுக்கு உடன்பாடு. 2043 வரை தவணை நீளும், 2037 வரை வட்டி 1 சதவீதம். எல்லாரும் கைதட்டிப் புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் பத்திரக்காரர்களோடு ஓர் உடன்பாடு வந்தது. நவம்பரில் கடன் கொடுத்த அரசுகளின் குழு அதை நிராகரித்தது. நாங்கள் இவ்வளவு விட்டுக்கொடுத்தோம், அவர்கள் அவ்வளவு விட்டுக்கொடுக்கவில்லை என்றது. மறுபடி முதலிலிருந்து பேச்சு. 2024 மார்ச்சில் இன்னோர் உடன்பாடு, ஜூனில் 300 கோடி டாலர் பத்திரங்கள் மாற்றப்பட்டன.

இதில் சாம்பியா எங்கே தாமதித்தது? கொடுத்தவர்கள் ஒருவரையொருவர் நம்பவில்லை. நான் தள்ளுபடி செய்தால் அந்தக் காசு அடுத்தவன் பைக்குப் போகுமோ என்ற சந்தேகம். மூன்றரை ஆண்டும் அந்தச் சந்தேகத்தின் விலை.

எதிர்வாதி:
சீனாதான் இழுத்தடித்தது என்று நேராகச் சொல்லுங்களேன். அந்த 630 கோடியில் 410 கோடி ஒரே சீன வங்கியுடையது.

கணக்குப்பிள்ளை:
முதல் பகுதியில் சீனாவின் பங்கு பெரிது. அவர்களுக்கு அசலைக் குறைப்பது பிடிக்காது, தவணையை நீட்டுவார்கள், வட்டியைக் குறைப்பார்கள். பாரிஸ் கிளப்பின் பழக்கம் அவர்களுடையது அல்ல, நாங்கள் ஏன் உங்கள் சட்டப்புத்தகத்தைப் படிக்க வேண்டும் என்பார்கள். ஆனால் 2023 ஜூனுக்குப் பிறகு போன ஓராண்டை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்? அது லண்டன், நியூயார்க் பத்திரக்காரர்கள்.

செம்புமண்:
அந்த மூன்றரை ஆண்டு இங்கே எப்படிப் போனது என்றும் யாராவது கேட்க வேண்டும்.

நல்லதும் நடந்தது. 2021 ஆகஸ்டில் நாணய நிதியம் உலக நாடுகள் அனைத்துக்கும் 65,000 கோடி டாலர் மதிப்பில் சிறப்பு எடுப்புரிமை (நாணய நிதியம் உருவாக்கித் தரும் கையிருப்புச் சொத்து) வழங்கியபோது சாம்பியாவுக்கு சுமார் 130 கோடி வந்தது. யாரும் நிபந்தனை போடவில்லை. 2022 ஜனவரியில் அரசு உயர்நிலைப் பள்ளிகளில் கட்டணம் போனது, அந்த ஆண்டு 30,000 ஆசிரியர்களை எடுத்தார்கள். எங்கள் காவலாளியின் மூத்த பெண் பத்தொன்பது வயதில் மீண்டும் சீருடை போட்டாள். ஒரே வகுப்பில் நூறு பேர், அது வேறு விஷயம்.

ஆனால் கடன் பேச்சு முடியாத நாட்டில் யாரும் புதிதாக முதல் போட மாட்டார்கள். பெட்ரோல் மானியம் போனது. 2024-இல் பெரும் வறட்சி. கரிபா அணையில் தண்ணீர் இல்லை, மின்சாரம் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் வந்தால் அதிர்ஷ்டம். இங்கே சாப்பாடு என்றால் ன்ஷிமா, மக்காச்சோள மாவில் கிண்டும் களி. மக்காச்சோளம் கருகியது. ஒப்பந்தம் முழுமையானதும் வறட்சி வாட்டியதும் அதே ஆண்டு. 2022 கணக்கெடுப்பிலேயே பத்தில் ஆறு பேர் ஏழ்மைக் கோட்டுக்குக் கீழே, வறட்சிக்கு முன்பே.

அப்போது காப்பாற்றியதில் ஒன்று ஏழைக் குடும்பங்களுக்கு அரசு நேராகக் கொடுக்கும் பணம். 2003 வாக்கில் கலோமோ மாவட்டத்தில் ஜெர்மன் உதவியோடு சிறிதாகத் தொடங்கியது, இப்போது நாடு முழுக்க இருக்கிறது. தகடூர்க்காரி அக்கா சொன்னதற்கு இது இங்கத்திய சாட்சி.

2025 மே மாதம் அமெரிக்கா ஆண்டுக்கு 5 கோடி டாலர் மருந்து உதவியை நிறுத்துவதாக அறிவித்தது. கொடுத்த மருந்தைத் திருடி விற்கிறார்கள் என்று காரணம். திருடியது உண்மை, நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் மருந்துக்கு வரிசையில் நிற்பவர்கள் திருடர்கள் அல்லர்.

எதிர்வாதி:
இந்த இடத்தில் நான் கொஞ்சம் இறங்கி வருகிறேன். தள்ளுபடி கூடாது என்பதல்ல என் வாதம். கொடுப்பவனும் வாங்குபவனும் இருவரும் வலியை உணர வேண்டும். இதில் வாங்கியவன் வீட்டுப் பிள்ளைகள் மட்டும் உணர்கிறார்கள், கையெழுத்துப் போட்டவர்களும் கடன் கொடுத்தவர்களும் சௌக்கியம். சரி, வேகமாக முடித்த உதாரணம் ஏதாவது உண்டா?

கணக்குப்பிள்ளை:
உண்டு. கடன் வாங்கியது ஜெர்மனி.

1953 பிப்ரவரி 27, லண்டன். போருக்கு முந்தைய கடன், போருக்குப் பிந்தைய கடன் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய பாதியை வெட்டினார்கள். மீதிக்கு நீண்ட தவணை. தவணையும் மேற்கு ஜெர்மனியின் ஏற்றுமதி உபரியிலிருந்து கட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்ற கணக்கில் வைத்தார்கள். அதாவது ஜெர்மன் பொருள் விற்றால்தான் தன் கடன் திரும்பி வரும் என்பதால், கடன் கொடுத்தவனுக்கே ஜெர்மன் பொருளை வாங்கும் அக்கறை பிறந்தது. இப்படி ஒரு விதி சாம்பியா ஒப்பந்தத்தில் இருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசியுங்கள். ஜெர்மனி எழுந்து நிற்க வேண்டும் என்ற தேவை அன்று அமெரிக்காவுக்கு இருந்தது. பனிப்போர் காலம்.

வடமராட்சி, உங்களுக்காக ஒரு செய்தி. அந்த ஒப்பந்தத்தில் ஜெர்மனிக்கு எதிரே கடன் கொடுத்தவர்கள் பக்கம் கையெழுத்திட்ட நாடுகளின் பட்டியலில் சிலோனும் இருக்கிறது.

வடமராட்சி:
உண்மையாகவா? ஜெர்மனிக்கு நாங்கள் தவணை தள்ளி வைத்தோமா! அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். ஐந்து நிமிடம் சிரித்துவிட்டு, 'அவர்களிடம் கேட்டுப் பார், ஞாபகம் இருக்கிறதா என்று' என்றார்.

மலைக்காற்று:
அப்படியானால் நொடித்த நாடுகள் போய் நிற்க ஒரு வாசல் வேண்டும் என்று 2025 செவில் மாநாட்டில் பேசினார்களா? குறிப்பில் 'செவில் உறுதிப்பாடு' என்று மட்டும் இருக்கிறது.

கணக்குப்பிள்ளை:
பேசினார்கள். ஆப்பிரிக்க நாடுகள் ஐ.நா.வின் கீழ் கடன் ஒப்பந்த ஏற்பாடு வேண்டும் என்று கேட்டன. பணக்கார நாடுகள் அந்த வாசகத்தை நீர்த்துப்போகச் செய்தன. அமெரிக்கா மாநாட்டுக்கே வரவில்லை. ஆண்டுக்கு 4 லட்சம் கோடி டாலர் பற்றாக்குறை என்ற எண்ணை எல்லா மேடையிலும் சொன்னார்கள்.

எனக்கு அங்கே கவனத்தில் நின்றது ஒரு சின்ன விஷயம்: கடன் வாங்கிய நாடுகள் கூடிப் பேச ஒரு மன்றம் தொடங்கியிருக்கிறார்கள். கொடுத்தவர்கள் சங்கம் வைத்து 69 ஆண்டுகள் கழித்து வாங்கியவர்களுக்கு ஒரு திண்ணை. தேர்வில் கேட்பார்களா என்று தெரியாது தம்பி, இரண்டு வரி எழுதி வையுங்கள்.

தகடூர்க்காரி:
சுயஉதவிக் குழு என்று எழுதுங்கள் தம்பி, அதுதான் இது. எங்கள் மாமியார் குழுவில் முதல் ஆறு மாதம் கடனே கிடையாது. வாரம் சில ரூபாய் சேமிப்பு, யார் யாரிடம் என்ன வட்டிக்கு வாங்கியிருக்கிறார்கள் என்று வாய்விட்டுச் சொல்வது, அவ்வளவுதான். ஒருத்தி மூன்று வட்டி, பக்கத்து வீட்டுக்காரி ஐந்து வட்டி, இருவருக்கும் கொடுத்தவர் ஒரே ஆள் என்பது அந்தக் கூட்டத்தில்தான் வெளியே வந்ததாம்.

செம்புமண்:
அக்கா, சாம்பியாவும் கானாவும் அப்படி வாய்விட்டுப் பேசியிருந்தால் என்னென்ன வெளியே வந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். சீன ஒப்பந்தங்கள் சிலவற்றில் ரகசிய விதியே உண்டு, நிபந்தனையை வெளியே சொல்லக் கூடாது.

இங்கே மின்சாரம் போகும் நேரம். மீதி நாளைக்கு.